அடுப்பும் அலுவலும்

பள்ளியில் ஒரு நாள், மூன்றாம் பாடவேளை. ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் மேசைமேல் தலை சாய்த்தான். நெற்றியைத் தொட்டோம், நெருப்பாய்ச் சுட்டது. பதிவேட்டைப் புரட்டினோம். தாயின் தொலைபேசி எண் ஒன்று, தந்தையின் எண் ஒன்று, அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தன. தாய் வேலை செய்வது நகருக்கு வெளியே உள்ள ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். தந்தை வேலை செய்வதோ பள்ளியிலிருந்து பத்து நிமிட நடைத் தொலைவில், ஒரு கடையில். நாம் யாரை அழைத்தோம்? தாயை! ஒரு முறை அழைத்தோம், மறுமொழி இல்லை. மறுமுறை அழைத்தோம், இல்லை. மூன்றாம் முறையும் அழைத்தோம். தையல் பொறியின் முன் குனிந்திருப்பவள் கையில் தொலைபேசி இராது என்ற எண்ணம்கூட நமக்கு எழவில்லை. அரை மணி கழிந்த பின்னரே தந்தையை அழைத்தோம். அவர் ஓடோடி வந்தார். பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அன்புள்ள மனிதர்தாம். ஆனால் படி இறங்குமுன் திரும்பி நின்று ஒன்று கேட்டார்:

"இவன் அம்மாவுக்குச் சொல்லலையா, சார்?"

கேட்டவர் அவர், ஆனால் குற்றவாளி அவர் மட்டுமல்லர். பகுத்தறிவு பேசுகிறோம், பெண் விடுதலை பற்றி மேடைதோறும் முழங்குகிறோம், பெரியார் நூலைத் தலைமாட்டில் வைத்துப் படிக்கிறோம். அப்படிப்பட்ட நம் விரல், இரண்டு எண்கள் இருக்கையில், தானாகவே தாயின் எண்ணைத் தேடிச் சென்றதே, ஏன்? அந்த விரலுக்குப் பாடம் புகட்டியவர் யார்? மனுவின் நூலை நாம் கொளுத்தியிருக்கலாம். அது கற்பித்த பழக்கம் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதை எந்தத் தீயில் இடுவது?

இதுவே இக்கட்டுரையின் கேள்வி.

வேலைக்குச் செல்லும் தாயைக் கண்டால் உலகம் ஒரு கேள்வி கேட்கும். மாவட்ட ஆட்சியராக இருந்தாலும் கேட்கும். மருத்துவராக இருந்தாலும் கேட்கும். மேடையேறிப் பரிசு பெறும் போதும் கேட்கும். "வீட்டையும் வேலையையும் எப்படி அம்மா சமாளிக்கிறீர்கள்?" பரிவோடுதான் கேட்கிறார்கள்; பாராட்டாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் மூன்று பிள்ளைகளுக்குத் தந்தையான அமைச்சரிடம் எவரேனும் இக்கேள்வியைக் கேட்டதுண்டா? பேரூர்தி ஓட்டும் தந்தையிடம், பேராசிரியராக இருக்கும் தந்தையிடம் கேட்டதுண்டா? இல்லை. ஏன் இல்லை? வீடு அவனுக்குத் தங்குமிடம். அவளுக்கோ பணியிடம் என்று முன்னரே முடிவு கட்டிவிட்டார்கள். முடிவை மறைத்துவிட்டுக் கேள்வியை மட்டும் நீட்டுகிறார்கள். தராசின் இரு தட்டையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, "சமமாகப் பிடி" என்கிறார்கள். அவளால் இயலுமா இயலாதா என்று ஆராய்கிறார்களே தவிர, தராசை அவள் ஒருத்தி மட்டும் ஏன் ஏந்த வேண்டும் என்று எவரும் ஆராய்வதில்லை.

அவள் நாளைச் சற்றே பாருங்கள். கதிரவன் எழுமுன் எழுகிறாள். காலைச் சிற்றுண்டி, பகலுணவு, பிள்ளையின் டப்பா, கணவனின் டப்பா, இறுதியில் மிஞ்சினால் தன் டப்பா. பிள்ளையைக் குளிப்பாட்டி, தலைவாரி, தொலைந்த காலுறையைத் தேடி எடுத்து, மாமியாரின் மாத்திரையை நினைவூட்டி, தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள். எட்டு மணி நேரம் உழைக்கிறாள். அங்கே தாமதமானால் கூலியில் வெட்டு. இங்கே தாமதமானால் பேச்சில் வெட்டு. மாலை திரும்பினால் அடுத்த பணிமுறை தொடங்குகிறது. அதற்கு வருகைப் பதிவேடும் இல்லை, வார விடுமுறையும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. ஓய்வு பெறும் வயதே அதற்கு இல்லை! மகள் வளர்ந்து பெறும் பிள்ளைக்கும் அவளே மருந்து அரைக்க வேண்டும்.

உணர்ச்சி வயப்பட்டு மிகைப்படுத்துகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். பகுத்தறிவாளனுக்குக் கணக்கு வேண்டும், கணக்கும் இருக்கிறது. இந்திய அரசின் புள்ளியியல் துறை 2019-இல் மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நாடெங்கும் கணக்கெடுத்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். ஈடுபட்ட பெண் ஒரு நாளில் செலவிட்டது 299 நிமிடம். அதாவது ஏறத்தாழ ஐந்து மணி நேரம். ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிடம். கவனியுங்கள்: இது கை நனைத்த ஆணின் கணக்கு. எஞ்சிய 74 பேர் இக்கணக்கிலேயே இல்லை!

மீண்டும் 2024-இல் கணக்கெடுத்தனர். பெண்ணின் 299 நிமிடம் 289 ஆகச் சற்றே இறங்கியது. மகிழலாமா? ஆணின் 97 நிமிடம் ஏறியிருந்தால் அன்றோ மகிழ வேண்டும்! அதுவும் 88 ஆக இறங்கிற்று. ஐந்தாண்டில் பத்து நிமிடம் என்ற இந்த வேகத்தில் அவள் சுமை குறைந்துகொண்டே வந்து, அவன் அசையாது நின்றால், இருவரும் ஒரே அளவில் வந்து நிற்க நூறாண்டுகள் ஆகும். நூறாண்டு காத்திருக்கச் சொல்வதும் வேண்டாம் என்று சொல்வதும் ஒன்றேயாகும்.

பொறிகள் வந்துவிட்டனவே என்பார் உளர். வந்தன, உண்மை. ஆட்டுக்கல்லும் அம்மியும் மூலைக்குப் போயின. 2011 முதல் தமிழக அரசே மிக்சியும் கிரைண்டரும் இல்லந்தோறும் வழங்கியது. கையின் வலி குறைந்தது, நன்றே. ஆனால் பொறியின் விசையை அழுத்தும் கை மாறிற்றா? ஆட்டுக்கல்லைச் சுற்றிய அதே வளையல் கைதானே கிரைண்டரையும் கழுவுகிறது! அறிவியல் அடுப்பை மாற்றியது. அடுப்பின் முன் நிற்பவரை மாற்றவில்லை. அதை மாற்ற வேண்டியது அறிவியலின் வேலையன்று, அறத்தின் வேலை.

இனி எதிர்வாதங்களைக் கேட்போம். வாதத்துக்கு அஞ்சுபவன் பகுத்தறிவாளன் அல்லன்.

"இது இயற்கை" என்பது முதல் வாதம். இயற்கை பெண்ணுக்கு மட்டும் தந்த பணிகள் இரண்டு: கருவைச் சுமந்து ஈனுதல், பாலூட்டுதல். ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் துணி துவைப்பதை எந்த இயற்கை வகுத்தது? வாய்ப்பாடு சொல்லித் தருவதை, தடுப்பூசி நாளை நினைவில் வைப்பதை, மளிகைப் பட்டியல் எழுதுவதை எந்த உயிரியல் நூல் பெண்ணுக்கென்று ஒதுக்கியது? ஆணுக்குச் சமைக்க வராது என்கிறார்களே, திருமண வீட்டில் நூறு படி அரிசி வடிக்கும் தவசிப்பிள்ளை யார்? ஆண். உணவு விடுதியில் தோசை வார்ப்பவர் யார்? பெரும்பாலும் ஆண். கோயில் மடைப்பள்ளியில் நிற்பவர் யார்? ஆண். கூலி கிடைக்கும் அடுப்பின் முன் ஆண் நிற்கிறான். கூலி கிடைக்காத அடுப்பின் முன் பெண் நிற்கிறாள். இயற்கையின் திருவிளையாடலா இது? அன்று, ஏற்பாடு! மனிதன் செய்த ஏற்பாடு. மனிதனே மாற்றத்தக்க ஏற்பாடு.

"தமிழர் பண்பாடு" என்பது இரண்டாம் வாதம். பண்பாட்டைத் துணைக்கு அழைப்போர் அதை முழுதும் படித்திருக்க வேண்டும். புறநானூற்றில் பொன்முடியார் என்னும் புலவர் பாடிய பாட்டில் தாய்க்கு ஒரு கடன் கூறப்பட்டுள்ளது; அடுத்தே தந்தைக்கும் மகனை உருவாக்கும் கடன் ஒன்று கூறப்பட்டுள்ளது. தாய்க்குச் சொன்னது மட்டும் நம்மவர் நெஞ்சில் நின்றது. தந்தைக்குச் சொன்னது மறந்துபோயிற்று. வசதியான மறதி!

"அவளே விரும்பித்தானே செய்கிறாள், அடுக்களைக்குள் ஆணை விடுவதே இல்லையே" என்பது மூன்றாம் வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. சமையலறையைத் தன் ஆட்சிப் பகுதியாகக் காக்கும் பெண்களை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் ஏன் காக்கிறாள்? சோறு குழைந்தால் அவள் பெயர் கெடும். பிள்ளை மெலிந்தால் அவள் பெயர் கெடும். வீடு குப்பையாய்க் கிடந்தால் வந்தவர் அவளைத்தான் பார்ப்பர். பழி முழுதும் ஒருத்தி தலையில் விழும் நாட்டில், வேலையை அவள் எப்படி நம்பிப் பிறர் கையில் ஒப்படைப்பாள்? விருப்பம் என்று நாம் அழைப்பது பல வேளைகளில் அச்சத்துக்கு இட்ட அழகிய பெயர்.

"பிள்ளை கெட்டுவிடும்" என்பது நான்காம் வாதம். தாய் வேலைக்குப் போனால் பிள்ளை கெடும் என்போர், தந்தை வேலைக்குப் போவதால் பிள்ளை கெடும் என்று சொல்வதில்லை. வயலில் நாற்று நட்ட தாய்மார் மரத்தில் தூளி கட்டிப் பிள்ளை வளர்த்த நாடு இது. ஏழைத் தாய் என்றுமே வேலைக்குச் சென்றவள்தான். அவள் பிள்ளைக்காக அன்று கண்ணீர் வடிக்காதவர்கள், பெண் கையில் சம்பள உறை வந்த பிறகு மட்டும் பிள்ளைக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள். பிள்ளைக்குக் கவனிப்பு வேண்டும் என்பது மெய். அக்கவனிப்பைத் தர இருவர் இருக்கின்றனர் என்பதும் மெய். முதல் மெய்யைச் சொல்லி இரண்டாம் மெய்யை மறைப்பது பொய்யினும் கொடிது.

இந்தச் சுமைக்கு ஒரு விலை உண்டு. பொருளியல் அறிஞர் கிளாடியா கோல்டின் 2023-இல் நோபல் பரிசு பெற்றார். பெண் உழைப்பின் இருநூறாண்டு வரலாற்றை ஆராய்ந்தவர் அவர். வளர்ந்த நாடுகளில் ஒரே தொழிலில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே இன்று காணப்படும் வருவாய் வேறுபாட்டின் பெரும்பகுதி முதற்குழந்தையின் பிறப்போடு தோன்றுகிறது என்று காட்டினார். பிள்ளை பிறந்தது இருவருக்கு; தண்டம் கட்டுவது ஒருத்தி!

தமிழ்நாட்டுக்கு இது வெளிநாட்டுச் செய்தியா? அல்ல. 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடியாகப் பணிபுரிந்த பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தனர். பெருமைதான். ஆனால் அப்பெருமையின் அடியில் எத்தனை இலட்சம் பேரின் உறங்காத இரவுகள் கிடக்கின்றன என்பதையும் எண்ண வேண்டாமா?

இன்னொரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். படித்த, நல்ல ஊதியம் பெறும் பெண் தன் சுமையை இறக்கி வைக்க வழி தேடுகிறாள். இறக்கி வைப்பது யார் தலையில்? தன் தாயின் தலையில், மாமியாரின் தலையில், இல்லையேல் குறைந்த கூலிக்கு வரும் வேலைக்காரப் பெண்ணின் தலையில். அந்த வேலைக்காரப் பெண்ணோ தன் கைக்குழந்தையை ஒன்பது வயது மூத்த மகளிடம் விட்டுவிட்டு வருகிறாள். அந்த மகளின் பள்ளி நின்றுபோகிறது. பார்த்தீர்களா? சுமை கைமாறிக்கொண்டே போகிறது. மேலிருந்து கீழே, பெண்ணிடமிருந்து பெண்ணுக்கு, இறுதியில் சிறுமிக்கு. ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், நாளேட்டை விரித்து அமர்ந்திருக்கும் ஆணின் தோளுக்கு மட்டும் அது வந்து சேர்வதே இல்லை! பெண் விடுதலை என்பது ஒரு பெண்ணின் சுமையை இன்னொரு பெண்ணுக்கு மாற்றுவதன்று.

நம் இயக்கத்தின் வரலாற்றுக்கு வருவோம். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்றது. சட்டம் வந்தது 1989-இல். இடையே அறுபது ஆண்டுகள்! ஆனாலும் வந்தது. சுயமரியாதைத் திருமணத்தை 1967-இல் அண்ணாவின் அரசு சட்டமாக்கியது. வாசலுக்கு வெளியே நிகழ வேண்டிய போர்களில் நாம் பலவற்றை வென்றோம். வாசலுக்கு உள்ளே?

இங்கே பெரியாரின் நேர்மையை நினைக்காமல் இருக்க முடியாது. 1933-இல் நாகம்மையார் மறைந்தபோது 'குடிஅரசு' ஏட்டில் அவர் எழுதிய இரங்கலுரையை ஒவ்வோர் இளைஞனும் படிக்க வேண்டும். பெண் விடுதலை பற்றித் தாம் பிறருக்குப் போதித்ததில் நூற்றில் ஒரு பங்கேனும் தம் துணைவியார் திறத்தில் நடந்துகொண்டதாகச் சொல்லிக்கொள்ளத் தமக்கு முழுத் தகுதி இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கள்ளுக்கடை மறியலிலும் வைக்கம் போராட்டத்திலும் நின்ற வீராங்கனை நாகம்மையார். ஈரோட்டு இல்லத்துக்கு வந்த தொண்டர்க்கெல்லாம் சோறிட்ட தாயும் அவரே. எதிரியின் குற்றத்தை எடுத்துரைக்க வீரம் போதும். தன் குற்றத்தை ஊரறிய எழுத அறிவின் நேர்மை வேண்டும். தலைவர் ஒப்புக்கொண்டார். தொண்டர்களாகிய நாம்? கூட்டம் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பி, உறங்கிய மனைவியை எழுப்பிச் சோறு கேட்கிறோமே, அன்று மாலை நாம் பேசிய தலைப்பு என்ன? "பெண்ணுரிமை"!

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நன்றியன்று. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஊதியத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்க்கு 2021-இல் அதை ஓராண்டாக்கியது. ஆனால் அந்தச் சட்டத்தில் தந்தை எங்கே? தேடிப் பாருங்கள், இல்லை. தனியார் நிறுவனத் தந்தைக்கு ஒரு நாள் விடுப்பும் அது தரவில்லை. பிள்ளை என்றால் தாயின் பொருள் என்று சட்டமே எழுதிவிட்டது. விளைவு? பெண்ணை வேலைக்கு வைத்தால் ஆறு மாதச் சம்பளம் இழப்பு என்று கணக்குப் பார்க்கும் முதலாளி, ஆணையே தேடுகிறான். நலம் செய்ய வந்த சட்டமே அவள் வாசலில் முள்ளாகிறது.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலைச் சிற்றுண்டித் திட்டம் நம் கண்முன் நிற்கும் சான்று. பசித்த பிள்ளைக்கு அது உணவு. அதிகாலைப் பேருந்தைப் பிடிக்கும் தாய்க்கோ அது ஒரு மணி நேர விடுதலை. அங்கும் சமைப்போர் பெண்களே. ஆனால் கூலி பெற்றுச் சமைக்கிறார்கள். ஊதியமில்லா உழைப்பின் ஒரு துண்டு, ஊதியமுள்ள வேலையாக, பொதுப் பொறுப்பாக மாறியது. அடுப்பைப் பொதுவாக்க முடியும் என்பதற்கு நம் பள்ளி முற்றமே சாட்சி.

பிற நாட்டாரையும் பார்ப்போம். சுவீடன் 1974-இல் பெற்றோர் விடுப்பைத் தாய் தந்தை இருவர்க்கும் பொதுவாக்கியது. சட்டம் இருந்தும் பெரும்பாலான தந்தையர் எடுக்கவில்லை. எனவே 1995-இல் ஒரு மாதத்தைப் பெற்றோர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே ஒதுக்கியது. தந்தை எடுக்காவிடில் அவர் மாதம் வீணாகும். அதன்பின் தந்தையர் கையில் பிள்ளை வந்தது! ஐஸ்லாந்து நாட்டுப் பெண்கள் 1975 அக்டோபர் 24 அன்று அலுவலையும் நிறுத்தினர், அடுப்பையும் நிறுத்தினர். பத்தில் ஒன்பது பேர் கலந்துகொண்டனர் என்பர். பள்ளிகள் மூடின, ஆலைகள் தடுமாறின, தந்தையர் பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிச் சென்றனர். ஒரே ஒரு நாள்! ஐந்தாண்டு கழித்து, 1980-இல், வளர்ப்பு மகளைத் தனியே வளர்த்துவந்த விக்டிஸ் என்னும் தாயை அந்நாட்டு மக்கள் வாக்களித்துக் குடியரசுத் தலைவராக்கினர்.

இறுதியில் அறத்தின் அளவுகோல் எது என்று கேட்போம். "வேலையைச் சரிபாதியாகப் பிரித்துவிடலாமே" என்பர் சிலர். அது போதாது. மூட்டை தூக்கித் திரும்பும் கணவனும், தைத்துக் களைத்த மனைவியும் உள்ள வீட்டில், யார் எத்தனை பாத்திரம் துலக்கினார் என்று எண்ணிக்கொண்டிருப்பது வணிகக் கணக்கு. நாம் சொல்லும் அளவுகோல் வேறு: ஓய்வை எண்ணுங்கள். நாள் முடிவில் அவனுக்கு எத்தனை மணி ஓய்வோ அவளுக்கும் அத்தனை மணி ஓய்வு இருக்கிறதா? செய்தித்தாள் படிக்க, கூட்டத்துக்குப் போக, நண்பரோடு பேச, சும்மா இருக்க, அவளுக்கு நேரம் இருக்கிறதா? இருவரும் களைத்திருக்கும் வீட்டில் இருவரும் களைத்திருக்கலாம். அது வறுமையின் குற்றம். ஒருவர் களைத்திருக்க ஒருவர் இளைப்பாறும் வீட்டில் நிகழ்வது அநீதி. அது நம் குற்றம்.

இன்னொன்று: "மனைவிக்கு உதவி செய்கிறேன்" என்று சொல்லும் நல்ல இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அச்சொல்லை நிறுத்தித் திருத்த விரும்புகிறோம். உதவி என்றால் வேலை அவளுடையது என்று பொருள். அவள் நினைவூட்ட வேண்டும், அவள் பட்டியல் தர வேண்டும், அவள் நன்றி சொல்ல வேண்டும். கைவேலை பங்கிடப்பட்டாலும் நினைவின் பாரம் அவள் தலையிலேயே தங்குகிறது. உன் பிள்ளைக்கு நீ சோறூட்டுவது உதவியன்று, தோழனே, கடமை! உன் சட்டையை நீ துவைப்பது தியாகமன்று, நாகரிகம்!

சட்டம் வேண்டும், தந்தைக்கும் விடுப்பு வேண்டும், தொழிற்சாலைதோறும் காப்பகம் வேண்டும், கேட்போம், போராடுவோம். ஆனால் சட்டம் வரும்வரை அடுக்களைக் கதவு பூட்டியா கிடக்கிறது? அதைத் திறக்க எந்த மாநாட்டுத் தீர்மானமும் வேண்டியதில்லை. இன்றிரவே திறக்கலாம்.

நாமும் ஒரு சிறு வேலை செய்தோம். அந்தச் சிறுவன் காய்ச்சல் தீர்ந்து திரும்பிய அன்று, வகுப்புப் பதிவேட்டைப் புதிதாக எழுதினோம். நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பள்ளிக்கு அருகில் இருப்பவர் யாரோ, எளிதில் வரக்கூடியவர் யாரோ, அவர் எண்ணை முதலில் எழுதினோம். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தோம்: பத்தொன்பது இடங்களில் தந்தையின் எண் முதலில் நின்றது. அத்தனை ஆண்டும் அந்தப் பத்தொன்பது தந்தையர் அருகிலேயேதான் இருந்திருக்கிறார்கள். அவர்களை அழைக்காதவர்கள் நாம்.

இனி அழைப்போம்.